ஒரே ரொட்டி, வருஷம் முழுக்க: பருவங்களோடு சேர்ந்து பேக்கிங் பழக ஒரு வழிகாட்டி

போன வாரம் வரை ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காகிவிடும் மாவு, இன்று காலை ஒன்றரை மணி நேரமாகியும் பாதிதான் ஏறியிருந்தது. அதே மைதா, அதே ஈஸ்ட், அதே பாத்திரம். ஈஸ்ட் பழசாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், தேதி இன்னும் நிறைய இருந்தது. பிறகுதான் ஜன்னலைத் திறந்தேன். காற்றில் மெல்லிய குளிர். பருவம் மாறியது எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

வீட்டில் பேக்கிங் செய்வதில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் இதுதான். புதுப்புது ரெசிபியாகத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் இது கிடைக்கவில்லை. ஒரே ரொட்டியை வெயிலிலும் மழையிலும் குளிரிலும் திரும்பத் திரும்பச் சுட ஆரம்பித்த பிறகுதான் கிடைத்தது. ஒன்றை மாற்றாமல் வைத்துக்கொண்டால், அதைச் சுற்றி மாறுவதெல்லாம் கண்ணில் படும். அதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், ஒரு ரொட்டியை மனப்பாடம் செய்யுங்கள்

அளவு இவ்வளவுதான்: மைதா 500 கிராம், தண்ணீர் 310 கிராம், சர்க்கரை 15 கிராம், எண்ணெய் அல்லது வெண்ணெய் 20 கிராம், உப்பு 9 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம். தண்ணீரையும் கிராமில்தான் எழுதியிருக்கிறேன், தராசிலேயே அளந்துவிடுங்கள். கப்பில் அளந்தால், மாவை அமுக்கி எடுத்தீர்களா, தளர்வாக எடுத்தீர்களா என்பதைப் பொறுத்தே 20, 30 கிராம் வித்தியாசம் வந்துவிடும். அப்புறம் ரொட்டி மாறியது பருவத்தாலா, உங்கள் கையாலா என்று சொல்ல முடியாது. இந்தப் பழக்கத்துக்கு நீங்கள் வாங்க வேண்டிய முதல் பொருள் ஒரு டிஜிட்டல் தராசு. இரண்டாவது, ஓவனுக்குள் வைக்கும் ஒரு சின்ன தெர்மாமீட்டர். பல வீட்டு ஓவன்களில் திருகியில் 200 என்று வைத்தால் உள்ளே 180 இருக்கும், இல்லாவிட்டால் 220 இருக்கும்.

ஈஸ்ட், சர்க்கரை, மைதா மூன்றையும் கலந்து தண்ணீரை ஊற்றி, கட்டியில்லாமல் ஒன்று சேரும்வரை மட்டும் கிளறுங்கள். மூடி வைத்துவிட்டு இருபது நிமிடம் வேறு வேலை பாருங்கள். இந்த இருபது நிமிடத்தில் மாவு தானாகவே தண்ணீரைக் குடித்து, பாதிப் பிசைதலை முடித்துவிடும். பிறகு உப்பும் எண்ணெயும் சேர்த்து எட்டுப் பத்து நிமிடம் பிசையுங்கள். ஆரம்பத்தில் கையெல்லாம் ஒட்டும். உடனே மாவைத் தூவாதீர்கள். நாலாவது, ஐந்தாவது நிமிடத்தில் பிசுபிசுப்பு கையை விட்டு மாவுக்குள்ளேயே போய்விடும், அது போகும் கணத்தை உள்ளங்கையில் உணரலாம். ஒரு சிறு துண்டைக் கிள்ளி இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கிழியாமல், வெளிச்சம் தெரிகிற அளவுக்குச் சவ்வு மாதிரி விரிந்தால் பிசைந்தது போதும்.

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் போட்டு மூடுங்கள். இரண்டு மடங்கானதும் காற்றை மெதுவாக அமுக்கி எடுத்து, பாய் சுருட்டுவது போல இறுக்கமாகச் சுருட்டி, 23 x 13 சென்டிமீட்டர் ரொட்டி டின்னில் மடிப்பு கீழே இருக்கும்படி வையுங்கள். மறுபடி மூடி, டின்னின் விளிம்புக்கு ஒரு விரல் மேலே எழும்பும்வரை காத்திருங்கள். முன்கூட்டியே சூடேற்றிய ஓவனில் 200 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். நடுவில் தெர்மாமீட்டர் குத்திப் பார்த்தால் 93, 94 டிகிரி இருக்க வேண்டும். அது இல்லாதவர்கள் ரொட்டியைத் தலைகீழாகப் பிடித்து அடியில் தட்டிப் பாருங்கள், வெறும் பானையைத் தட்டுகிற சத்தம் வரும்.

நேரத்தை நம்பாமல் விரலை நம்புவதுதான் இதில் முக்கியமான திறமை. எழும்பிய மாவில் மாவு தொட்ட விரலால் ஒரு குழி போடுங்கள். குழி உடனே துள்ளி மூடினால் இன்னும் பொறுக்க வேண்டும். மெதுவாக, அரைகுறையாக எழும்பினால் ஓவனுக்குத் தயார். எழும்பாமல் அப்படியே நின்றுவிட்டால் நேரம் கடந்துவிட்டது, உடனே ஓவனில் வையுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

சமையலறையில் ஒரு பழைய நோட்டு போதும். ஒவ்வொரு முறையும் நாலே விஷயம் எழுதுங்கள்: தேதி, அறையின் வெப்பம், தண்ணீரின் வெப்பம், மாவு இரண்டு மடங்காக எடுத்த நேரம். அதற்குக் கீழே ஒரு வரி, வெளியே எப்படி இருந்தது என்று. ‘தூறல், சன்னலில் ஆவி’, ‘அனல் காற்று, காலை ஏழு மணிக்கே வியர்வை’. இந்த ஐந்தாவது வரியை விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது, அந்த நாளின் வெளிச்சத்தையே திருப்பித் தருவது அந்த வரிதான்.

எண்கள் எதற்கு என்றால், ஈஸ்ட் உயிருள்ள பொருள். சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்கிற ஒற்றைச் செல் பூஞ்சை அது. மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது, பிசைந்ததால் உண்டான சவ்வுக்குள் அந்த வாயு சிக்கிக்கொள்வதால்தான் மாவு உப்புகிறது. மாவின் வெப்பம் 24 முதல் 27 டிகிரி இருந்தால் அது நிதானமாக வேலை செய்து நல்ல மணமும் தரும். எட்டுப் பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், அதே அளவு குறைந்தால் பாதியாகும். 60 டிகிரியைத் தொட்டால் செத்துப்போகும்.

அறையின் வெப்பத்தை மாற்ற முடியாது, தண்ணீரின் வெப்பத்தை மாற்ற முடியும். பேக்கரிக்காரர்கள் போடுகிற கணக்கு ஒன்று இருக்கிறது. மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டுமென்றால், 26-ஐ மூன்றால் பெருக்குங்கள், 78. அதிலிருந்து அறையின் வெப்பத்தையும் மைதாவின் வெப்பத்தையும் கழியுங்கள். மீதி வருவதுதான் தண்ணீருக்கு வேண்டிய வெப்பம். அறையும் மைதாவும் 33 டிகிரி என்றால் 78-இல் 66 போக 12, அதாவது ஃபிரிட்ஜ் தண்ணீர். இரண்டும் 18 என்றால் 42, கை பொறுக்கிற வெந்நீர். கணக்கு எவ்வளவு சொன்னாலும் 45 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். மிக்சரில் பிசைபவர்கள் இன்னும் சில டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள், இயந்திரத்தின் உராய்வே மாவைச் சூடாக்கும்.

வெயில் காலம்: மாவு ஓடுகிறது, நீங்கள் நிதானியுங்கள்

வெயிலில் மாவு நாற்பது நிமிடத்திலேயே பொங்கிவிடும். பார்க்க நன்றாக இருக்கும், தின்றால் ருசி இருக்காது. மணம் சேர நேரமே கிடைத்திருக்காது. அதனால் ஈஸ்ட்டை 5 கிராமிலிருந்து 2 கிராமாகக் குறையுங்கள், தண்ணீரைக் கணக்குப்படி குளிர்ச்சியாக எடுங்கள்.

அதைவிட நல்ல வழி, இரவு பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது. 4 டிகிரியில் ஈஸ்ட் கிட்டத்தட்டத் தூங்கிவிடும், ஆனால் மாவில் உள்ள நொதிகள் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும், லேசான புளிப்பும் சேரும். பன்னிரண்டு மணி நேரம் கழித்து, விடியற்காலையில் எழுந்து சுருட்டி டின்னில் வைத்தால், வெயில் ஏறுவதற்குள் ரொட்டி வெளியே வந்துவிடும். கோடையில் அந்த ஒரு மணி நேரம் எனக்கு மிகவும் பிடித்தமானது. வீடு தூங்கிக்கொண்டிருக்கும், தரை மட்டும் குளிர்ச்சியாக இருக்கும், ஓவனின் சின்ன விளக்கில் ரொட்டி கண்ணெதிரே எழும்பும். முதல் பத்து நிமிடத்தில் நடக்கும் அந்த எழுச்சியைத் தவறவிடாதீர்கள், ஓவன் கண்ணாடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் வெயில் கொஞ்சம் சிரமம் தரும். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து நுரைக்க அடிக்கும்போது, வெண்ணெய் 18 முதல் 20 டிகிரியில் இருந்தால்தான் காற்றைப் பிடித்துக்கொள்ளும். 32 டிகிரிக்கு மேல் அது உருகி எண்ணெயாகிவிடும், எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் பளபளப்பு ஒட்டக் கூடாது. பிஸ்கட் மாவை வெட்டிய பிறகும் ட்ரேயோடு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஓவனில் பரவி ஒன்றோடொன்று ஒட்டாது. இதெல்லாம் அலுப்பாக இருந்தால் கோடை முழுக்க எண்ணெய் ஊற்றிச் செய்யும் கேக்குகளுக்கு மாறிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

மழைக் காலம்: ஈரத்தோடு பழகுவது

மழை பிடித்த வாரத்தில் மைதா டப்பாவுக்குள் கையை விட்டுப் பாருங்கள். மாவு லேசாகக் கனத்து, பிடித்தால் உருண்டையாக நிற்கும். காற்றின் ஈரத்தை அது குடித்திருக்கிறது. அதே 310 கிராம் தண்ணீரை ஊற்றினால் மாவு வழவழவென்று ஆகிவிடும். 15 கிராமை எடுத்துத் தனியே வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் மட்டும் பிறகு சேருங்கள். எவ்வளவு மிஞ்சியது என்று நோட்டில் எழுதுங்கள். நேர் எதிராக, வறண்ட காற்று வீசும் நாட்களில் மாவு கூடுதலாகத் தண்ணீர் கேட்கும், மூடாமல் வைத்தால் மேலே தோல் கட்டிவிடும். அன்றைக்கு ஈரத்துணி போட்டு மூடுவது கட்டாயம்.

சர்க்கரை ஈரத்தை இழுக்கும் பொருள். அதனால் முட்டை வெள்ளையில் செய்யும் மெரிங்கை மழை நாளில் ஆரம்பிக்காதீர்கள், மேலே பிசுபிசுத்து அழும். மொறுமொறுப்பான பிஸ்கட்டும் ஒரு மணி நேரத்தில் நமுத்துப்போகும். முழுசாக ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். அதையும் மீறி நமுத்தால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள், ஆறும்போது மறுபடி மொறுமொறுப்பாகிவிடும். பேக்கிங் பவுடருக்கும் ஈரம் ஆகாது. அரை டீஸ்பூன் எடுத்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள், சுறுசுறுவென்று பொங்கினால் உயிரோடு இருக்கிறது.

இத்தனை தொந்தரவையும் சொல்லிவிட்டு, ரொட்டி சுட மழை நாளைப் போல ஒரு நாள் கிடையாது என்றும் சொல்ல வேண்டும். வெளியே போக முடியாது, மாவுக்குக் காத்திருப்பது பாரமாகத் தெரியாது. ஓவனைப் போட்டதும் வீட்டின் ஈர வாடை போய், முதலில் ஈஸ்ட்டின் புளிப்பு மணம் வரும். கொஞ்ச நேரத்தில் அது மாறி வறுபட்ட மணமாகும். மேல்தோல் 140 டிகிரியைத் தாண்டும்போது புரதமும் சர்க்கரையும் சேர்ந்து நடத்தும் வேலை அது. 1912-இல் லூயி காமி மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்ததால் மையார் வினை என்று பெயர். பெயர் தெரியாவிட்டாலும், அந்த மணம் வந்ததும் வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகச் சமையலறைப் பக்கம் வருவார்கள்.

ரொட்டியை எடுத்துக் கம்பி ரேக்கில் வைத்தவுடன் காதை அருகே கொண்டுபோங்கள். ‘டிக்... டிக்...’ என்று மேல்தோல் நுணுக்கமாக வெடிக்கும் சத்தம் கேட்கும். உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதிக்கு முன்பாகவே இறுகிப்போன தோல், ஆறும்போது சுருங்குவதால் வரும் சத்தம். டின்னில் சுட்டதைவிட, உருண்டையாக வெறும் ட்ரேயில் சுட்ட எண்ணெய் சேர்க்காத ரொட்டியில் நன்றாகக் கேட்கும். மழைச் சத்தம் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் முதல்முறை அதைக் கேட்டபோது, மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தபடியே நின்றுவிட்டேன்.

குளிர் காலம்: காத்திருக்கக் கற்றுக்கொள்வது

குளிரில் மாவு இரண்டு, இரண்டரை மணி நேரம் எடுக்கும். பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். நேரம் ஆகிவிட்டதே என்று எழும்பாத மாவை ஓவனில் வைத்துவிடுவார்கள், ரொட்டி செங்கல் மாதிரி வரும். ஈஸ்ட்டை அள்ளிப் போடுவதும் தீர்வாகாது, ரொட்டியில் ஈஸ்ட் நெடிதான் அடிக்கும். வெந்நீரில் பிசையுங்கள். ஓவனை அணைத்தபடியே அதன் விளக்கை மட்டும் போட்டு, உள்ளே ஒரு கிண்ணம் கொதிநீரோடு மாவுப் பாத்திரத்தையும் வைத்து மூடுங்கள். சின்ன ஓவனாக இருந்தால் 26, 28 டிகிரி தானாகவே வந்துவிடும்.

கோடையில் படுத்திய வெண்ணெய் இப்போது சொன்ன பேச்சைக் கேட்கும். வெண்ணெய் கேக், பிஸ்கட், அடுக்கடுக்கான பஃப் மாவு எல்லாவற்றுக்கும் இதுதான் காலம். பட்டை, ஜாதிக்காய், ஆரஞ்சுத் தோல் போன்ற கனமான வாசனைகளும் குளிரில்தான் எடுபடும். ஆரஞ்சுத் தோலைத் துருவும்போது மேலே உள்ள நிறப் பகுதியை மட்டும் துருவி, அதைச் சர்க்கரையில் போட்டு விரல் நுனியால் கசக்குங்கள். தோலின் எண்ணெய் சர்க்கரையில் இறங்கி, சர்க்கரை ஈரமணல் மாதிரி ஆகி, வெளிர் ஆரஞ்சு நிறம் ஏறும். விரலில் அந்த வாசனை மறுநாள் வரை இருக்கும்.

பழம் கனியும் நேரத்துக்குக் காத்திருக்கும் ஒரு கேக்

ரொட்டியைத் தவிர இன்னும் ஒன்றே ஒன்று பழகுங்கள்: வாழைப்பழ கேக். இது காலண்டரைப் பார்க்காது, பழத்தைப் பார்க்கும். தோல் முழுக்கக் கறுத்து, கையில் எடுத்தால் கொழகொழவென்று இருக்கும் பழம்தான் வேண்டும். மாவுச்சத்து சர்க்கரையாக மாறி முடிந்த நிலை அது. வெயிலில் இரண்டு மூன்று நாளில் அந்த நிலைக்கு வந்துவிடும், குளிரில் ஒரு வாரம்கூட ஆகும். தினமும் காலையில் பழத்தைப் பார்த்து ‘இன்றைக்கா, நாளைக்கா’ என்று யோசிப்பதே ஒரு சின்ன சந்தோஷம்.

தோல் நீக்கிய பழம் 300 கிராமை முள்கரண்டியால் மசியுங்கள். எண்ணெய் 100 கிராம், சர்க்கரை 120 கிராம், முட்டை 2 சேர்த்து அடியுங்கள். மைதா 200 கிராம், சமையல் சோடா ஒரு டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், மூன்றையும் சலித்துப் போட்டு, மாவு கண்ணில் மறையும்வரை மட்டும் கலக்குங்கள். அதற்கு மேல் கலக்கினால் கேக் ரப்பர் மாதிரி ஆகும். கலந்த உடனே டின்னில் ஊற்றி ஓவனில் வைத்துவிடுங்கள். சோடா பழத்தின் அமிலத்தோடு சேர்ந்ததுமே பொங்க ஆரம்பித்துவிடும், காத்திருந்தால் வாயு வீணாகும். 175 டிகிரியில் 50 முதல் 55 நிமிடம். மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும்.

இதே மாவில் அந்தந்த சீசனில் கிடைக்கும் பழத்துண்டுகளை மேலே அடுக்கலாம். தண்ணீர் அதிகமுள்ள பழமென்றால் கொஞ்சமாக, அவ்வளவுதான்.

சுட்ட பிறகு

ரொட்டியைச் சூடாக அறுக்காதீர்கள். உள்ளே மாவுச்சத்து இன்னும் இறுகிக்கொண்டிருக்கும், இப்போது கத்தி வைத்தால் பசை மாதிரி ஒட்டும். ஒரு மணி நேரம் போகட்டும். ஓர முனைத் துண்டு சுட்டவருக்குத்தான் என்று எங்கள் வீட்டில் ஒரு விதி இருக்கிறது. வெண்ணெய் தடவி, நின்றபடியே தின்பது.

மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். அந்தக் குளிரில்தான் ரொட்டி சீக்கிரம் காய்ந்து கெட்டியாகும். இரண்டு நாளைக்கு வெளியே துணியில் சுற்றி வையுங்கள். ஈரம் மிகுந்த நாட்களில் மட்டும் ஒரு நாளைக்கு மேல் வைக்காமல், துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், பூஞ்சை பிடிக்காது. தேவையானபோது துண்டை நேராக டோஸ்டரில் போடலாம்.

வாரத்துக்கு ஒருமுறை போதும். களைத்துப்போன நாளில் மாவைத் தொடாதீர்கள். அன்றைக்கு ஈஸ்ட்டும் தண்ணீரும் வெறும் வேலையாகத்தான் தெரியும். ஃப்ரீசரில் ஒரு துண்டு இருக்கும், அதை எடுத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

பருவம் மாறுகிற இரண்டு மூன்று வாரங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அந்த நேரத்தில் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் தண்ணீரின் வெப்பம், அது போதவில்லை என்றால் அடுத்த வாரம் ஈஸ்ட்டின் அளவு, கடைசியாகத் தண்ணீரின் அளவு. மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

இன்று நான் எதையும் மாற்றவில்லை, காத்திருந்தேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய்த் துணியை விலக்கிப் பார்த்தேன். மாவு பாத்திரத்தின் விளிம்பை எட்டியிருக்கிறது. விரல் வைத்தேன், குழி மெதுவாக, அரைகுறையாக எழும்பியது. நோட்டில் எழுதியாகிவிட்டது: ‘23 டிகிரி. இரண்டு மணி பத்து நிமிடம். முதல் குளிர்.’ கையைக் கழுவிக்கொண்டு சுருட்டப் போகிறேன்.